கூடப் போவதும் கேட்டுப் பெறுவதும்

மாதர் சங்கத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். கஷ்டப்படும் பெண்களுக்கு உதவி செய்கிறீர்களா என்பது ஒன்று. கொடி பிடித்துக் கோஷம் போடுகிறீர்களா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் கொஞ்சம் பாராட்டும் இரண்டாவதில் கொஞ்சம் எரிச்சலும் கலந்திருக்கும். உதவி என்றால் நல்ல காரியம், உரிமை என்றால் வம்பு என்று நம்மவர்கள் வெகுகாலமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சங்கங்களுக்கு உள்ளேயே இந்தக் கோட்டை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சேவை மட்டும்தான் செய்கிறோம், அரசியல் பேசுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. தனித்தனிப் பெண்களின் வழக்குகளில் இறங்கினால் பெரிய கோரிக்கைகள் பின்தங்கிவிடும் என்று ஒதுங்கிக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு.

இரண்டும் ஒரே வேலை என்பது என் வாதம். ஒரு பெண்ணுடன் கூடப் போகிற சங்கத்துக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிகிறது. கேட்டுப் பழகிய சங்கத்தைத்தான் ஒரு பெண் நம்பிக் கூட வரச்சொல்கிறாள். இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது என்பதால், நடந்தவற்றை வைத்தே பேச விரும்புகிறேன்.

இந்தியப் பெண்கள் இயக்கத்தின் தொடக்க காலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் அதன் தொடக்கத்தில் முன்னின்றவர்கள். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று, இந்தியாவுக்கு வந்திருந்த, பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பள்ளிப் பாடத்தில் இந்த அளவுக்குத்தான் வரும். அந்தச் சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவு வகுப்பும் தையல் வகுப்பும் நடந்தன என்பது அதிகம் பேசப்படுவதில்லை. வாக்குரிமை கேட்டவர்களுக்கு அந்த வகுப்புகள் கீழான வேலையாகத் தோன்றவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் பணியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்த அவர், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் கேட்டார். அவர் முயற்சியில் 1929இல் வந்த திருத்தம் எதைத் தொட்டது என்று பாருங்கள். கோயில் பணிக்கு ஈடாக அந்தப் பெண்களுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலத்தை, பணி செய்தால்தான் நிலம் என்ற கட்டிலிருந்து அது விடுவித்தது. வழக்கத்தை ஒழி என்று முழங்குவதற்கு முன்னால், வழக்கத்தை விட்டு வெளியே வரும் பெண் எதைக்கொண்டு வாழ்வாள் என்று யோசித்த ஒருவரால்தான் அப்படிப்பட்ட திருத்தத்தைக் கொண்டுவர முடியும். அடுத்த ஆண்டே, 1930இல், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும் அவர் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வரும்வரை பதினேழு ஆண்டுகள் அந்தப் பெண்கள் எங்காவது தங்கியாக வேண்டும், படித்தாக வேண்டும். இதைச் சேவை என்று ஒரு பக்கமும் போராட்டம் என்று மறுபக்கமும் பிரித்து எழுதினால் அவர் செய்ததில் பாதி காணாமல் போய்விடும்.

எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971இல் எரின் பிசி என்பவர் தொடங்கியது பெண்கள் கூடிப் பேசுவதற்கான ஓர் இடம்தான். கணவனிடம் அடிபட்ட பெண்கள் அங்கே வந்து, திரும்பிப் போக வீடில்லை என்று சொன்னபோது அது தங்குமிடமாக மாறியது. வீட்டுக்குள் நடப்பது வீட்டு விஷயம் என்று காவல்துறை கதவுக்கு வெளியே நின்றுவிடும் காலம் அது. பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிற ஊர்களிலும் அத்தகைய இல்லங்கள் தோன்றின. 1976இல் வீட்டு வன்முறை குறித்துத் தனிச் சட்டம் பிரிட்டனில் வந்தது. முதலில் உதவி, அதன் தொடர்ச்சியாக உரிமை. சென்னையில் கோரிக்கையிலிருந்து இல்லத்துக்கு வந்தார்கள். சிஸ்விக்கில் இல்லத்திலிருந்து கோரிக்கைக்குப் போனார்கள்.

அன்றாட வேலைக்கு வருகிறேன். சங்க வேலையில் பெரும்பகுதி கூடப் போவதுதான். காவல் நிலையத்துக்கு, மருத்துவமனைக்கு, நீதிமன்றத்துக்கு, சான்றிதழ் வாங்க வேண்டிய அலுவலகத்துக்கு. அங்கே போய் நாம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஆனால் தனியாக வந்த பெண்ணிடம் ‘நாளைக்கு வாம்மா’ என்று சொல்பவர், பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்லத் தயங்குகிறார். ‘நீங்க யாரு இவங்களுக்கு?’ என்று கட்டாயம் கேட்பார்கள். சொந்தக்காரி என்றால் ஒரு மரியாதை, சங்கம் என்றால் வேறொரு பார்வை. நாங்கள் சங்கம் என்றே சொல்வது வழக்கம். சொந்தம் என்று சொல்லி நுழைந்தால், அடுத்த முறை சொந்தம் இல்லாத பெண்ணுக்காக நிற்கும்போது நம் வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

ஒரு காவல் நிலைய அனுபவத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டினால், கூடப் போவதில் என்ன இருக்கிறது என்பது விளங்கும். கணவன் அடித்ததில் கை வீங்கிய ஒரு பெண்ணுடன் போயிருந்தோம். வாசலில் மனு எழுதித் தருபவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘கணவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு’ என்று வழக்கமான நடையில் தொடங்கியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவர் கை அப்படிப் பழகியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் அடி வாய்ச்சண்டையாகி, வாய்ச்சண்டை ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையில் முடிந்துவிடும். வேறு தாள் வாங்கி, அவள் வாயிலிருந்து வந்தபடியே எழுதினோம்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எதைக்கொண்டு அடித்தார், எந்தக் கையில் பட்டது, அப்போது யார் வீட்டில் இருந்தார்கள், இதற்கு முன் எப்போது நடந்தது. முன்பு நடந்த நாள்கள் அவளுக்குத் தேதியாக நினைவில் இல்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம், தம்பி கல்யாணத்துக்கு மறுநாள் என்றுதான் நினைவிருந்தது. அதையும் அப்படியே எழுதினோம். எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டி, அவள் தலையசைத்த பிறகே கையெழுத்து. இரண்டு படி எடுத்து, ஒன்றில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்கிக்கொள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. முத்திரை வாங்க ஆன நேரம், மனு எழுத ஆன நேரத்தைவிட அதிகம். ஆனால் அந்த முத்திரை இல்லாத மனு, கொடுக்கப்படாத மனுவேதான்.

இவையெல்லாம் சட்டப் புத்தகத்தில் எங்கும் இல்லாத, ஆனால் சட்டத்தைப் பயன்பட வைக்கிற சிறு வேலைகள். சட்டத்தில் இருப்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று அது சொல்கிறது. அடியை மட்டுமல்லாமல் சொல்லால் வதைப்பதையும் பணத்தைப் பிடித்து வைப்பதையும் வன்முறையாகக் கொள்கிறது. ஒரு பெண் வன்முறைக்கு உள்ளாகிறாள் என்று நம்பக் காரணமுள்ள எவரும், இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கொடுத்த தகவலுக்காக அவர்மீது வழக்குப் போட முடியாது. அக்கம்பக்கத்தார் ‘நமக்கேன் வம்பு’ என்று பயந்து ஒதுங்க வேண்டிய அவசியத்தைச் சட்டம் வைக்கவில்லை. முறைப்படி பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு, சேவை அளிப்பவராக அரசிடம் தனியே பதிந்துகொண்டால், அந்தப் பெண் விரும்பும்போது நிகழ்வு அறிக்கையைத் தானே பதிவு செய்து நீதித்துறை நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்ப முடியும். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாள்களுக்குள், முடிவு 60 நாள்களுக்குள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறை அந்த வேகத்தில் போவதில்லை என்பது நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கும் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. இந்த ஒரு செய்தி போய்ச் சேராததால் தாமதமான வழக்குகள் எங்கள் அனுபவத்தில் நிறைய.

சட்டங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், பல நேரம் ஏதோ ஒரு பெண் தனியாக நின்ற இடத்திலிருந்து வருகின்றன. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தார். 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்டவர். ஆனால் அவருடைய பாதுகாப்புக்கு வேலை கொடுத்தவர் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. அவருக்குத் துணையாக நின்ற பெண்கள் அமைப்புகள் இந்த இடைவெளியைக் கண்டார்கள். விசாகா என்ற அமைப்பின் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1997இல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை நீதிமன்றம் வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, அதற்கும் சிறிய இடங்களில் வேலை செய்வோருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் மாவட்ட அளவில் ஓர் உள்ளூர்க் குழு என்று அது ஏற்பாடு செய்தது. இன்று குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் குழுவிடம் புகார் கொடுக்கும் பெண்ணுக்கும் பட்டேரி கிராமத்துக்கும் தொடர்பு இருக்கிறது. பன்வாரி தேவிக்கோ தன் வழக்கில் அந்த நீதி கிடைக்கவில்லை. பெண்கள் இயக்கத்தின் வெற்றிகளைப் பேசும்போது இந்தக் கசப்பையும் சேர்த்துப் பேசாவிட்டால் அது நேர்மையாகாது.

அங்கே இடைவெளியைக் கண்டவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அதற்குத்தான் பதிவேடு. எங்கள் சங்கத்தில் தீர்மானப் புத்தகம் தனி, வரவு செலவு தனி, வந்த பெண்களைப் பற்றிய பதிவேடு தனி. மூன்றாவதில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும். என்ன பிரச்சினை, எந்த அலுவலகத்துக்குப் போனோம், என்ன சொன்னார்கள், எங்கே நின்றுபோனது என்று நாலு வரி. எழுதும்போது அலுப்பாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் புரட்டும்போதுதான் அதன் அருமை தெரியும். வேறுவேறு பெண்கள், வேறுவேறு குடும்பங்கள். ஆனால் நின்றுபோன இடம் ஒன்றாகவே இருக்கும். வீட்டை விட்டு அவசரமாக வெளியேறிய பெண்ணிடம் ஆதாரும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இல்லை. எல்லாம் கணவனின் பீரோவில். அந்தத் தாள்கள் இல்லாமல் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்ப்பதும் வங்கியில் கணக்குத் தொடங்குவதும் இழுபறியாகின்றன. ஒரு பெண்ணுக்கு நடந்தால் அது அவளுடைய துரதிர்ஷ்டம். வரிசையாகப் பலருக்கும் அதே இடத்தில் நடந்தால் அது நிர்வாகத்தின் குறை. அதைக் கோரிக்கையாக எழுத முடியும்.

கூட்டம் நடத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரல் போட்டு நடத்தும் கூட்டத்தில் முக்கியமான விஷயம் வெளியே வருவது அரிது. பேசத் தெரிந்தவர்கள் பேசுவார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதும் வாசலில் செருப்பைத் தேடும்போதும்தான், மூலையில் உட்கார்ந்திருந்தவள் ‘அக்கா, ஒரு நிமிஷம்’ என்று தோளைத் தொடுவாள். ஆகவே கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர்கள் அவசரமாகக் கிளம்பக் கூடாது என்பதை நாங்கள் எழுதாத விதியாக வைத்திருக்கிறோம். கூட்ட நேரமும் அப்படித்தான். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு நேரம், தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நேரம், கைக்குழந்தைக்காரிகளுக்கு எந்த நேரமும் நேரமில்லை. நேரத்தைத் தலைவியின் வசதிக்கு வைக்கும் சங்கத்தில் தலைவியைப் போன்றவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். சாதி, படிப்பு, வசதி இவற்றால் உண்டான படிகள் சங்கத்தின் வாசலில் செருப்போடு கழற்றப்படுவதில்லை. யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் கூட்டத்துக்குப் பின் இடத்தைப் பெருக்குகிறார்கள் என்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

பேச இடம் கிடைத்தால் பேச்சு எங்கே போகும் என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கு எழுதப் படிக்கக் கற்க வந்த பெண்கள், பாடத்தில் சாராயத்தைப் பற்றிப் படித்துவிட்டு, தங்கள் வீட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். துபகுண்டா கிராமத்தில் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் அது மாவட்டம் முழுவதும் பரவி, 1993 அக்டோபர் முதல் நாளில் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. பிறகு வந்த முழு மதுவிலக்கு நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஏறக்குறைய அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். இவ்விரண்டையும் கல்வித் துறையின் கோப்பில் எழுத்தறிவுத் திட்டம் என்றுதான் பதிந்திருப்பார்கள்.

பணத்தின் பக்கம் வருவோம். இங்கே எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் ‘சேவா’ அமைப்பைத் தொடங்கியபோது, தலைச்சுமை தூக்குபவர்களும் பழைய துணி விற்பவர்களும் தொழிற்சங்கம் அமைக்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை என்று தொழிலாளர் துறை முதலில் மறுத்தது. போராடித்தான் பதிவு வாங்கினார்கள். வங்கிகள் அந்தப் பெண்களை மதிக்கவில்லை என்பதால் 1974இல் தங்களுக்கே ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். உழைப்பவள் என்ற அங்கீகாரத்தைக் கேட்ட சங்கம் அது. கடன் அதற்குத் துணையாக வந்தது. பின்னாளில் பெருகிய பெண்கள் கடன் குழுக்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கடன் முதலில் வந்தது; சங்கம் கடனுக்காக இருந்தது. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு, அருகில் உட்கார்ந்திருப்பவளை வசூல்காரியாக்கி விடுகிறது. தவணை நாளில் மட்டும் கூடும் குழுவில், இந்த வாரம் அவள் ஏன் கட்டவில்லை என்று கேட்பார்கள். அவள் முகத்தில் ஏன் வீக்கம் என்று கேட்கமாட்டார்கள். இரண்டையும் கேட்கிற குழுக்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை தவணையைத் தவிர வேறு ஒரு காரணத்துக்காகவும் கூடிக்கொண்டிருக்கும் குழுக்களாகவே இருக்கும்.

சங்க வேலையில் மிகச் சிக்கலானது சமரசம். இரு வீட்டாரும் வந்து, நீங்கள் சொன்னால் கேட்கிறோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பெரிய மனுஷி ஆகிவிடும் ஆசை யாருக்கும் வரும். அங்கே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் நாமும் ஒரு கட்டப்பஞ்சாயத்துதான்; சேலை கட்டிய கட்டப்பஞ்சாயத்து என்பதால் அது உயர்ந்துவிடாது. அவளுக்கு என்ன வழிகள் இருக்கின்றன என்று சொல்வது நம் வேலை. எந்த வழி என்பது அவள் முடிவு. அவள் திரும்பவும் அதே வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். போவாள், மீண்டும் வருவாள், மீண்டும் போவாள். ‘உனக்காக இவ்வளவு அலைந்தோமே’ என்று ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து விழுந்துவிட்டால், அடுத்த முறை அடிபடும்போது அவள் நம்மிடம் வரமாட்டாள். போகிறவளிடம் தொலைபேசி எண்களை மனப்பாடமாகச் சொல்ல வைப்பதும், முக்கியமான தாள்களின் நகலை வேறொரு இடத்தில் வைக்கச் சொல்வதும் அந்த நேரத்தில் செய்யக்கூடியவை. 181 என்ற பெண்கள் உதவி எண் இலவசம் என்பதைக்கூடத் தெரியாத பெண்கள் இருக்கிறார்கள்.

இதைவிடச் சங்கடமானது, புகார் கொடுக்கும் மருமகளும் புகாருக்கு உள்ளான மாமியாரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருப்பது. நடக்குமா என்று நினைக்க வேண்டாம். சிறிய இடத்தில் இயங்கும் எந்தச் சங்கத்திலும் அது நடக்கும். எங்களுக்கும் நடந்தது. அந்த அம்மாள் எத்தனையோ பெண்களுக்காக வெயிலில் நின்றவர், மறியலில் கைதானவர். தன் வீட்டில் மட்டும் வேறு ஆளாக இருந்தார். சங்கத்தில் சிலர், அவரிடமே எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார், வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றார்கள். மருமகள் அதை விரும்பவில்லை. அவள் விருப்பப்படியே நடந்தது. அந்த வழக்கு முடியும்வரை அது பேசப்படும் கூட்டங்களில் அவர் கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டு, அதை நேரில் போய் அவரிடம் சொன்னோம். அவர் கோபித்துக்கொண்டு வெகுநாள் வரவில்லை. அவரோடு சேர்ந்து சில நல்ல உறுப்பினர்களும் வரவில்லை. அதன் இழப்பு பெரிது. ஆனால் மூத்த உறுப்பினரின் மருமகளுக்கு ஒரு நீதி, மற்ற மருமகளுக்கு ஒரு நீதி என்று ஆகியிருந்தால் எங்கள் பதிவேட்டில் எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ரகசியம் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழு வந்தபிறகு வேலை எளிதாகியிருக்கிறது, ஆபத்தும் கூடியிருக்கிறது. அடிபட்ட பெண்ணின் படத்தைக் குழுவில் போட்டு ‘பாருங்கள் கொடுமையை’ என்று எழுதுகிறவர்கள் இரக்கத்தில்தான் எழுதுகிறார்கள். அந்தப் படம் எத்தனை கை மாறும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. உதவிப் பொருள் கொடுக்கும்போது வாங்குகிறவளை நிற்க வைத்துப் படம் எடுப்பதும் இதே வகை. எங்கள் சங்கத்தில் இரண்டுமே கூடாது. இதனால் நன்கொடை குறைகிறது என்று பொருளாளர் குறைபட்டுக்கொள்வதும் உண்மைதான்.

ஆண்கள் சங்கத்துக்கு உதவலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக உதவலாம். கூட்ட நேரத்தில் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

இப்போது எங்கள் கையில் உள்ள கோரிக்கை அந்தப் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ஒரு பெண் மாவட்டத் தலைநகர்வரை போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறது. எங்கே போனாய் என்று வீட்டில் கேட்பார்கள். அலுவலர் அன்று வேறு பணியில் இருந்தால் திரும்பி வர வேண்டும். பதிவேட்டில் பல எண்களுக்கு எதிரே ‘இரண்டாம் முறை போகவில்லை’ என்று எழுதியிருக்கிறது. அவர்கள் முதல் முறையே எவ்வளவு பொய் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்று யோசித்தால், ஏன் போகவில்லை என்பது புரியும். ஆகவே மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் வட்ட அளவிலேயே அலுவலர் வந்து அமர வேண்டும், அந்த நாள்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பெயர்கள் இல்லாத அந்தப் பதிவுகளின் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. யாருடைய பரிசீலனையில், எந்த நாளிலிருந்து, கோப்பு இப்போது எந்த மேசையில் என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். 30 நாள்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். வரும் கூட்டத்தில் அதைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு.